பனிமேல் ஆரத்தி

மாலை ஐந்து மணி. டிசம்பர் மாதம். அதனால் நடுநிசி மாதிரி இருட்டு.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பியர்பொன்ட்ஸ் என்கிற ஊர். அங்கே நதியை ஒட்டியே போகும் குவான் சாலை. ஒரு பக்கம் தள்ளித் தள்ளி வீடுகள். மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால்... தண்ணீர். பாதி உறைந்த கறுப்புத் தண்ணீர். ஓரத்தில் தடுப்புக் கம்பிகூடக் கிடையாது.

அந்தச் சாலையில் ஒரு பெரிய பழைய கார் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண்.

வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

இருங்கள்... அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணைக் குத்துகிறது. இன்று ராத்திரி நம் ஊர் புவாண்ட்-கிளேருக்குக் கரண்ட் வரப்போவதில்லை. மழை விழுந்த இடத்திலேயே ஐஸாகிக் கம்பியெல்லாம் அறுந்து தொங்குகிறது. நீங்கள் யாரும் வீட்டுக்குப் போகவும் முடியாது. பேய்க் கதை கேட்டது நீங்கள். அப்புறம் பாத்ரூமுக்குத் துணை வா என்று என்னை எழுப்பக் கூடாது.

இது எங்கேயோ படித்ததில்லை. என் மனைவி அலமுவின் சொந்த அக்கா அம்புஜத்துக்கு நடந்தது. எழுபத்து மூன்றாம் வருஷக் குளிர்காலம்.

"டாக்டர் அம்புஜமா?" என்றார் சந்திரமௌலி. பௌதிகப் பேராசிரியர். பேய் என்றால் பல்லைக் காட்டுவார். "அவங்க ஊசியைப் பார்த்தா பேயே ஓடிடுமே!"

"அக்கா குழந்தைங்க டாக்டர். உங்களுக்கு எதுக்கு ஊசி போட்டா?" என்று இருட்டிலிருந்து அலமு கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரியுங்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்புஜத்தின் கணவர் உமாபதி. எனக்குச் சகலை. விமானக் கம்பெனியில் எஞ்சினியர். ஆகாயத்தில் பறக்கிற இறக்கையை வரைவார். தரையில் ஓடுகிற காரை ஓட்டத் தெரியாது! லைசென்ஸ் பரீட்சையில் ஒரு தபால் பெட்டியைச் சாய்த்தார். அன்றோடு ஓட்டுவதற்கு முழுக்கு. வேலைக்கு ரயிலில்தான் போவார். பிரெஞ்சும் அப்படியே. "போன்ஜூர்" வரைக்கும் வரும், அதற்கு மேல் கையால் பேசுவார். ஆனால் ஸ்பானரைக் கையில் கொடுத்தால் வேறு மனிதர். ஆக, வீட்டில் ஏற்பாடு இது: வண்டி ஓட்டுவது அம்புஜம். ரிப்பேர் செய்வது உமாபதி.

கார் இல்லாமல் முடியாது. அம்புஜத்துக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை. எந்த நேரத்திலும் போன் வரும். பஸ்ஸை நம்பிப் போனால், போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விடும்.

அப்போதுதான் மதாம் திபோ என்கிற கிழவியம்மாளின் வண்டி விலைக்கு வந்தது. கணவர் செத்து ஒரு வருஷமாயிற்று, வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது என்றாள். பத்து வயதான அமெரிக்க வண்டி. கப்பல் மாதிரி நீளம். பவர் ஸ்டியரிங். ஒரு விரலை வைத்தால் திரும்பும் என்றாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று காலையில்தான் பனி பெய்திருந்தது. வாசலெல்லாம் வெள்ளைவெளேர். நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். பானெட்டில் சந்தனம், குங்குமம். அலமுதான் ஆரத்தி எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைச் சுற்றி, வண்டிக்கு முன்னால் ஊற்றினாள். வெள்ளைப் பனியில்... குப்பென்று சிவப்பு.

எதிர்வீட்டுத் திரை மெல்ல விலகியது. ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ரத்தம் என்று போலீஸைக் கூப்பிடப் போகிறான் என்றே நினைத்தேன்.

இரண்டொரு நாளில் மறுபடி பனி பெய்தது. அந்தச் சிவப்பு மூடிப்போக வேண்டும், இல்லையா? மூடவில்லை. காலையில் அம்புஜம் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் பார்த்தால், நின்ற இடத்தில் புதுப் பனிக்கு மேலே சிவப்புப் பொட்டு. மறுநாளும். அதற்கு மறுநாளும். உமாபதி மண்வாரியால் வழித்துத் தள்ளினார். திரும்பவும் வந்தது.

"அலமு கை ராசியைப் பாருங்க. ஆரத்தி அழியவே மாட்டேங்குது" என்று அம்புஜம் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

அப்புறம் சத்தம் ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம்... "ம்ம்ம்ம்ம்ம்..." வயிற்றுவலிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மாதிரி. "குளிர்ல நானே முனகறேன், வண்டி முனகாதா?" என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை. ஐந்து மணி. அந்தச் சாலை. அந்த வளைவு.

ஸ்டியரிங் சிமெண்டில் புதைத்து வைத்த மாதிரி இறுகிவிட்டது. எதிரே தண்ணீர். பிரேக்கை மிதித்தால் டயர் ஐஸில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல... அசையவில்லை.

திடீரென்று அசைந்தது.

அவள் பலத்தால் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. கையுறை போட்ட அவள் கைகளுக்கு மேலே... இன்னொரு ஜோடிக் கை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கனம் மட்டும். அழுத்தி, நிதானமாக, ஸ்டியரிங்கை இடது பக்கம் வளைத்தது. வண்டி சாலையோரப் பனிமேட்டில் சொருகிக்கொண்டு நின்றது.

நிசப்தம். எஞ்சின் சூடு ஆறும் சத்தம் மட்டும்... டிக்... டிக்... எண்ணெய் கருகிய வாசனை. அதோடு இன்னொரு வாசனை. பைப்பில் பிடிக்கிற புகையிலை. இனிப்பாக, கமறலாக.

அம்புஜம் பைப்பை வாயில் வைத்ததில்லை. உமாபதிக்கு மூக்குப்பொடிகூட ஆகாது.

யாரோ லாரிக்காரன் வண்டியை இழுத்துவிட, முக்கி முனகி வீடு வந்து சேர்ந்தாள். உமாபதி பானெட்டைத் திறந்தார். ஸ்டியரிங் பம்ப்பின் மூடியைத் திருகி டார்ச் அடித்தார். காலி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பெல்ட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் டார்ச் வெளிச்சம் தானாக வாசலுக்குப் போனது. சிவப்புப் பொட்டின் மேல்.

குனிந்து விரலால் தொட்டார். தேய்த்தார். மோந்தார்.

"அம்புஜம்... மஞ்சத் தண்ணி வழுக்குமா?"

"வழுக்காது. ஏன்?"

"அப்ப இது ஆரத்தி இல்ல."

ஆரத்தி என்றைக்கோ அடியில் உறைந்து போய்விட்டது. அதன்மேல் தினமும் சொட்டியது ஸ்டியரிங் எண்ணெய். அதுவும் சிவப்புத்தான். இந்த ஊர்க்காரனாக இருந்தால் முதல் நாளே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பான். நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்!

"அதுக்கு என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அலமு, மறுபடி இருட்டிலிருந்து. "நான் ஊத்தினது ஒரு சொம்புதான்."

உமாபதி முறையாகச் செய்கிற ஆள். இந்த ஒழுகல் எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும் என்றார். அம்புஜம் மதாம் திபோவுக்குப் போன் செய்து பிரெஞ்சில் கேட்டாள். கிழவி சொன்னாள்.

போன குளிர்காலத்திலேயே ஒழுகியது. அவள் கணவர் அர்மான், எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டினார். அடைக்கிறேன், அடைக்கிறேன் என்று நாளைக் கடத்தினார். ஒரு மாலை வீடு திரும்பவில்லை. தேடிப் போனார்கள். குவான் சாலை வளைவில் வண்டி நின்றிருந்தது. முன் டயருக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இடைவெளி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அர்மான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திறந்தபடி. மாரடைப்பு. இறுகிப்போன ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு... உயிரை விட்டிருக்கிறார்.

"கையைத்தான் எடுக்க முடியலையாம். ரெண்டு போலீஸ்காரங்க சேர்ந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்களாம்" என்றாள் அம்புஜம், ரிசீவரை வைத்துவிட்டு. "மடியில பைப் விழுந்து கிடந்துதாம். அது இன்னும் புகைஞ்சுக்கிட்டு இருந்துதாம்."

உமாபதி எழுந்துபோய் ஸ்பானர் பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு ஒன்று சொன்னார். "ஒழுகலை அடைக்காம நீ அந்த வண்டியில ஏறக் கூடாது. அவருக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது."

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தார். புகை அடைக்கக் கூடாதென்று கராஜ் கதவைத் திறந்து வைத்தார். குளிர் உள்ளே வந்து காதைக் கடித்தது. பம்ப்பையும், அதிலிருந்து போகும் ரப்பர்க் குழாயான ஹோஸையும் துணியால் பளபளவென்று துடைத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அம்புஜத்தின் முகப் பவுடரை எடுத்து ஹோஸ் முழுக்கத் தூவினார்!

"ஐயோ, அது மெட்ராஸ்லேருந்து வந்ததுங்க!"

"உன் முகத்துக்கு எதுக்குப் பவுடர்? ஹோஸுக்குத்தான் வேணும். ஒழுகினா கோடு தெரியும்."

எண்ணெயை நிரப்பி எஞ்சினைக் கிளப்பினார். கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று அம்புஜம் கத்தினாள். "பிரஷர்ல இருக்கு. ஊசி ஓட்டை இருந்தாலும் எண்ணெய் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிடும். அப்படி வந்த ஒருத்தனுக்கு விரலையே எடுத்தாங்க."

அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தார். வெள்ளைப் பவுடரில் மெல்ல ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பம்ப்பிலிருந்து வருகிற ஹோஸ். அதன் கழுத்தில் இரும்பு வளையம் கடிக்கிற இடம். அங்கேதான்.

எஞ்சினை அணைத்தார். ஆறும்வரை காத்திருந்தார். பழைய ஹோஸைக் கழற்றினார், புதியதை மாட்டினார். இனி உள்ளே அடைந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்பக்கச் சக்கரங்கள் தரையைத் தொடக் கூடாது. ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வெறும் ஜாக்கியை நம்பி அவர் விரலைக்கூட உள்ளே விடமாட்டார்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் எஞ்சினை அணைத்த வண்டியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். மற்றவர் முன்னால் நின்று, பம்ப்பில் எண்ணெய் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அம்புஜம் ஏறி உட்கார்ந்தாள். உமாபதி முன்னால் நின்றார். தூக்கிய பானெட் நடுவில் சுவர் மாதிரி. அவருக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு அவர் தெரியவில்லை.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. வெளிச்சம் மங்கியது.

"வலது" என்றார்.

சக்கரம் வலது பக்கம் திரும்பியது. பம்ப்பில் நுரை பொங்கியது. ரோஸ்மில்க் மாதிரி.

"இடது... மெதுவா."

இடது பக்கம் திரும்பியது. மெதுவாக. மிக மெதுவாக. பதமாகத் திருப்புகிறாளே என்று அவருக்கே ஆச்சரியம். எண்ணெய் ஊற்றினார். வலது. இடது. நுரை குறைந்தது. வேலை படிந்து வருகிற சந்தோஷத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"உங்கப்பா மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரேன்னார், ஞாபகம் இருக்கா? வாங்கித் தந்திருந்தா நானும் ஓட்டக் கத்துக்கிட்டிருப்பேன்."

பதில் இல்லை. அப்பாவைச் சொன்னால் அவளுக்கு ஆகாது. சரி, விடு.

"இடது."

திரும்பியது. ஒரு குமிழிகூட இல்லை. எண்ணெய் மாதுளைச் சாறு மாதிரி தெளிந்து நின்றது.

"கடைசியா ஒரு தடவை... வலது."

அப்போது அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது.

"நான் உடனே கிளம்பணுங்க. ஆஸ்பத்திரிலேருந்து போன். ஒரு குழந்தை மூச்சு விட முடியாம தவிக்குதாம்." அம்புஜம். கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தாள். "அது சரி... யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

உமாபதி எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார். "நீ... எப்ப உள்ள போனே?"

"நீங்க டப்பாவைத் திறக்கறப்பவே போன் அடிச்சுது. சொல்லிட்டுத்தானே போனேன்?"

அவர் பானெட்டைச் சுற்றி வந்து பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. அம்புஜம் குள்ளம், சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டித்தான் வைப்பாள். இப்போது அது கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. நெடிய ஆள் காலை நீட்டி உட்கார்வதற்கு.

ஸ்டியரிங்...

ஸ்டியரிங் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. வலது பக்கம்.

(சந்திரமௌலி கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறார். பரவாயில்லை, குளிர்தான்.)

அம்புஜம் அதைப் பார்க்கவில்லை. பையைத் தேடிக்கொண்டிருந்தாள். "டாக்ஸியில போ" என்றார் உமாபதி. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"இந்தப் பனியில டாக்ஸியா? ரிப்பேர் முடிஞ்சுதா, இல்லியா? அதைச் சொல்லுங்க."

எஞ்சினியர் என்ன சொல்வார்? வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். திருப்பிப் பார்த்தார். முனகல் இல்லை. புது ஹோஸில் பவுடர் தூவிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எஞ்சினை அணைத்தார்.

"முடிஞ்சுது. ஆனா நானும் வரேன். கையைக் கழுவிட்டு வரேன், என்னை விட்டுட்டுப் போகாதே அம்புஜம். தனியாப் போகாதே."

"சீக்கிரம் வாங்க. குழந்தை நீலம் பாரிக்குதாம்."

சோப்புப் போட்டார். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே...

எஞ்சின் கிளம்பும் சத்தம்.

ஈரக் கையோடு ஓடினார். கராஜ் காலி. திரைபோட்ட மாதிரி கொட்டுகிற பனிக்கு அப்பால் இரண்டு சிவப்பு விளக்குகள். குவான் சாலைப் பக்கம் திரும்பின. சத்தமே இல்லாமல். வழுக்காமல். அவ்வளவு லாகவமாக.

"அம்புஜம்!"

பனி அந்தக் குரலை விழுங்கிவிட்டது.

ஓட்டத் தெரியாதவர். கையில் வேறு வண்டியும் இல்லை. என்ன செய்வார்? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். டாக்டர் இன்னும் வரவில்லை என்றாள் நர்ஸ். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி போன். இன்னும் இல்லை. ஜன்னலில் பனி ஏறிக்கொண்டே இருந்தது. அந்த வளைவு இந்நேரம் வந்திருக்கும். ஒரு முழம்... தண்ணீருக்கும் டயருக்கும் ஒரு முழம்... கடைசியாகச் செய்தபோது நர்ஸ், இருங்கள் என்றாள். காத்திருந்தார். ரிசீவருக்குள் யாரோ நடந்து வரும் சத்தம்.

"என்னங்க?" அம்புஜம்தான்! "குழந்தை மூச்சு விட ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா போயிருக்கும். நல்லவேளை, சரியான நேரத்துக்கு வந்தோம்."

உமாபதி நாற்காலியை இழுத்துப் போட்டார். பாதி உட்கார்ந்தும்விட்டார். அப்புறம்தான் உறைத்தது.

வந்தோம்?

"அம்புஜம்... வண்டி... எப்படி ஓடிச்சு?"

"என்னைக் கேக்கறீங்களே! ஓட்டினது நீங்கதானே? நான் கோட்டுப் பட்டனைப் போட்டுட்டு நிமிர்றேன், நீங்க ஸ்டியரிங் முன்னாடி ஜம்முன்னு உட்கார்ந்திருக்கீங்க. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. லைசென்ஸ் இல்லாம என்ன தைரியம் உங்களுக்கு! அந்த வளைவுல நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நீங்க ஒத்தை விரலால திருப்பிட்டுப் போறீங்க. எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

உமாபதி எட்டிக் கராஜ் பக்கம் பார்த்தார். காலிதான்.

"ஆமா, எங்கேருந்து பேசறீங்க? கீழே வராந்தாவிலேருந்தா? என்னை வாசல்ல இறக்கிட்டு, வண்டியை நிறுத்தப் போனீங்களே?"

உமாபதி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"மஃப்ளரைக் கண்ணு வரைக்கும் சுத்திக்கிட்டு, வழி பூரா ஒரு வார்த்தை பேசல. இறங்கறப்ப மட்டும் என்னைப் பார்த்து 'மெர்சி'ன்னீங்க..." அம்புஜம் சிரித்தாள். "ஹோஸை மாட்டினது நீங்க. எனக்கு எதுக்குங்க நன்றி?"

மதாம் திபோ அந்த வண்டிக்குக் கொடுத்தது ஒரே ஒரு சாவி. மாற்றுச் சாவி கிடையாது.

உமாபதி தன் பாண்ட் பைக்குள் கையை விட்டார்.

சாவி உள்ளேதான் இருந்தது.